கடுதாசியை யாரு பிரிப்பா?

கையில் ஒரு கவர் கிடைத்தால் அண்ணே முதலில் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருக்கும் எழுத்து வெளியே தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு, தாளை இன்னொரு மடிப்பு மடித்து, வேறு கவரில் போட்டு ஒட்டுவார். ஒட்டும்போது நாக்கால் நக்குவார். ஈரப் பஞ்சு வாங்கிக் கொடுத்தேன். அதில் விரலை நனைத்துப் பணம் எண்ணினார். கவரை மட்டும் நாக்கால்தான் ஒட்டினார்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில் பகுதிக்கு அவர் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர். எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். சீன மேனேஜர் அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டு, ஒரு சுற்றறிக்கையில் ‘மிஸ்டர் அண்ணே’ என்றே எழுதிவிட்டார். அண்ணே அதைத் திருத்தவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மேசையில் வைத்துக்கொண்டார்.

அதற்கு முன் பல வருடம் தபால் இலாகாவில் இருந்தவர். ஏன் விட்டார் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நாய் கடித்தது. இரண்டு, இவர் மேலதிகாரியைக் கடித்தது. இரண்டையும் அவரே சொல்வார், கேட்கிற ஆளைப் பொறுத்து. அந்த வேலையிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து ஒரு கேள்வி: “கடுதாசியை யாரு பிரிப்பா?”

மேல்விலாசத்தில் இருக்கிற ஆள் கடிதத்தைப் பிரிப்பதே இல்லை என்பது அவர் கட்சி. மேனேஜருக்கு எழுதினால் கிராணி பிரிப்பார். அப்பாவுக்கு எழுதினால் மகள் பிரிப்பாள். மருமகளுக்கு எழுதினால் சொல்லவே வேண்டாம். இதற்காக நீளமான ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். நாங்கள் பில் அனுப்பும் கம்பனிகள் எல்லாம் அதில் உண்டு. மூன்று பத்திகள்: கம்பனி, பிரிப்பவர், குறிப்பு. குறிப்புகளில் எனக்கு நினைவிருப்பவை: ‘நல்ல பெண், ஆனால் கணவன் பத்திரிகைக்காரன்.’ ‘படிக்கவே மாட்டார், நேரே ஃபைலில் போடுவார், தங்கமான மனுஷர்.’ ‘வாய் ஓயாது.’

நான் அங்கே சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கெலுகோரில் கணினி படித்து முடித்திருந்தேன். பில் போடுவதைத் தட்டச்சிலிருந்து கணினிக்கு மாற்றுவது என் வேலை. அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. அழகாகக் கட்டம் கட்டிய தகவல்!

“அண்ணே, இதை கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்.”

“ஏத்தினா யாரெல்லாம் பாப்பா?”

“ஆபீஸ்ல எல்லாரும் பாக்கலாம். அதுதானே வசதி.”

“அப்ப அது நோட்டு இல்ல லா, நோட்டீஸ் போர்டு,” என்று இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

கணினிக்கு அவர் காட்டிய எதிர்ப்புகளை நான் எண் போட்டு எழுதி வைத்தேன். மொத்தம் பதினொன்று. ஒன்று, பிரிண்டர் சத்தம் போடுகிறது. இரண்டு, குளிர்சாதனம் அதற்கு மட்டும் நன்றாக அடிக்கிறது. மூன்று, அது யாரையும் கேட்பதில்லை. மூன்றாவதை நான் நகைச்சுவை என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

எங்கள் கட்டடத்து லிஃப்டில் நாலு என்ற எண் கிடையாது. சீனர்களுக்கு அந்த எண் ஆகாது. அதனால் மூன்றுக்கு அடுத்தது 3ஏ. அங்கேதான் மனநலப் பிரிவு. பன்னிரண்டு கட்டில்கள், ஒரு மேசைப் பந்து பலகை, ஜன்னலில் கம்பி. பினாங்கில் யாரையாவது பைத்தியம் என்று கேலி செய்ய ‘தஞ்சோங் ரம்புத்தான் பஸ் ஏறு’ என்பார்கள்; பெரிய மனநல மருத்துவமனை இருக்கிற ஊர் அது. எங்கள் மருத்துவமனைக்குள் ‘மூணு ஏ பட்டனை அழுத்து’ என்றால் போதும்.

எல்லா மாடிக்கும் அண்ணே பில் போட்டார் என்றாலும் 3ஏ-யின் பில்களை வேறு யாரையும் தொட விடமாட்டார். மற்ற மாடிகளில் வேலை சுலபம். கம்பனி ஓர் உத்தரவாதக் கடிதம் கொடுக்கும், நோயாளி வீட்டுக்குப் போவார், பில் கம்பனிக்குப் போகும், இன்சூரன்ஸ் பணம் வரும். 3ஏ-யில் அந்தக் கடிதம் செல்லாது. பாலிசியின் கடைசிப் பக்கத்தில் எதற்கெல்லாம் பணம் இல்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். அண்ணே கத்தோலிக்கர், அதைச் செபமாலை ராகத்தில் சொல்வார்: “யுத்தத்துல அடிபட்டா இல்ல. கலவரத்துல அடிபட்டா இல்ல. சொந்தமா ஏரோப்ளேன் ஓட்டி விழுந்தா இல்ல. பல்லு இல்ல. பிள்ளப்பேறு இல்ல. மனசு இல்ல. ஆமென்.”

ஓரிரண்டு பெரிய கம்பனிகள் மட்டும் மனசுக்கும் கொடுத்தன, வருஷத்துக்கு இத்தனை நாள் என்று கணக்கு வைத்து. அந்தப் பணம் வருவதற்குள் அண்ணே தொலைபேசியில் கொஞ்சம் செத்துப் பிழைப்பார். கோலாலம்பூரிலிருந்து ஓர் இன்சூரன்ஸ் தம்பி கூப்பிட்டதை நான் பக்கத்து மேசையிலிருந்து கேட்டேன். அண்ணே எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“பத்து நாள் அட்மிட் ஆயிருக்காரு. எக்ஸ்ரே இல்ல, ஆப்பரேஷன் இல்ல. பத்து நாளா டாக்டர் என்னாதான் பண்ணாரு அண்ணே?”

“பேசினாரு.”

“பேசினதுக்கா இவ்ளோ காசு?”

“தம்பி, நீ எங்கிட்ட இருபது நிமிஷமா பேசிக்கிட்டு இருக்க. மாசக் கடைசியில உனக்குச் சம்பளம் வராதா?”

தம்பி போனை வைத்தார். பிறகு பணம் வந்தது.

இதை வைத்து அவரைத் தந்திரக்காரர் என்று நினைத்தால் தப்பு. பொய் எழுத மாட்டார். ஒரு முறை இளம் மருத்துவர் ஒருவர் கீழே இறங்கி வந்து, தன் நோயாளி பாவம், ‘வயிற்றுப் புண்’ என்று எழுதித் தருகிறேன், இன்சூரன்ஸுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். நல்ல மனசுதான். அண்ணே மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“டாக்டர், அவங்க ஃபைல கேப்பாங்க. ஃபைல்ல வயித்து மாத்திரை ஒண்ணுகூட இருக்காது. அப்புறம் அந்த ஆளோட பாலிசியையே கிழிச்சிப் போட்டுருவாங்க. நாளைக்கி அவனுக்கு நெசமாவே வயித்துல புண்ணு வந்தா நீங்க காசு கட்டுவீங்களா?”

மருத்துவர் சிவந்துபோய்ப் படியேறினார். அண்ணே என் பக்கம் திரும்பி, “நான் பொய் எழுத மாட்டேன், சொல்லவும் மாட்டேன். கேக்காத கேள்விக்குப் பதிலும் சொல்ல மாட்டேன்,” என்றார். இதையும் நான் குறித்து வைத்தேன். வாக்கியம் அழகாக இருந்தது. அதில் ஓர் ஓட்டை இருந்ததைப் பிறகுதான் கண்டேன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்த பெண் அவள். என் வயதுதான் இருக்கும். மூன்று நாள் தூங்காமல், சாப்பிடாமல், வேலை இடத்திலேயே மயங்கி விழுந்தாள். ஏன் என்று எனக்குத் தெரியாது. பில்லில் அதற்குக் கட்டம் கிடையாது. கம்பனியின் உத்தரவாதக் கடிதத்தோடு இரண்டாம் மாடியில் நான்கு நாள் இருந்தாள். ட்ரிப் ஏற்றினார்கள். உடம்பு தேறியது, தூக்கம் வரவில்லை, பேச்சும் வரவில்லை. அங்கிருந்து 3ஏ-க்கு மாற்றினார்கள். அங்கே ஒன்பது நாள்.

அவளுடைய அண்ணன் லாரி ஓட்டுபவர். கவுண்டரில் வந்து நின்று, சுற்றிப் பார்த்துவிட்டுக் குனிந்து பேசினார்.

“மூணு ஏ காசை நானே மாசா மாசம் கட்டிடுறேன் அண்ணே. கம்பனிக்கு மட்டும் தெரிய வேணாம். அவ சேந்து ஆறு மாசம் முடியப் போவுது. வேலை நிரந்தரம்னு லெட்டர் இந்த மாசக் கடைசியில வரணும். இது தெரிஞ்சா லெட்டர் வராது.”

“எம்.சி. குடுத்தாச்சா?” என்று மருத்துவ விடுப்புச் சான்றிதழைக் கேட்டார் அண்ணே.

“குடுத்தாச்சு. பதிமூணு நாளு.”

“எம்.சி.-ல நாளு மட்டும்தான் இருக்கும், மாடி இருக்காது. பயப்படாதீங்க.” பிறகு என்னைக் கூப்பிட்டார். “தங்கச்சி, இந்தப் பொண்ணுக்கு ரெண்டு கணக்கு. ரெண்டாம் மாடி நாலு நாளு கம்பனி நாளு. அது ஒரு பில். மூணு ஏ ஒம்போது நாளு இவங்க நாளு. அது தனி பில், அண்ணன் கையில. கம்பனி நாலு நாளைக்கித்தான் காசு குடுக்குது. மத்த ஒம்போது நாளப் பத்தி அவங்களுக்கு என்னாத்துக்கு?”

நியாயமாகத்தான் பட்டது. இரண்டு கணக்குத் திறந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. புக்கிட் மெர்த்தாஜாமில் தேவாலயத் திருவிழா என்று அண்ணே லீவு. அன்றைக்குக் கணினியின் முதல் பெரிய ஓட்டம்: நாற்பத்தாறு பில்கள். நான் பெருமையோடு செய்து வைத்திருந்தவை இரண்டு. முதலாவது, ஒரே அடையாள அட்டை எண்ணில் இரண்டு கணக்கு இருந்தால் நிரல் தானாகவே சேர்த்து ஒரே பில்லாக அடித்துவிடும். தட்டச்சுக் காலத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு பில் போன குளறுபடி நிறைய. இரண்டாவது, கண்ணாடிக் கவர். முன்பக்கத்தில் மெல்லிய கண்ணாடித்தாள் வைத்த கவர். உள்ளே பில்லில் அடித்த விலாசமே வெளியே தெரியும். விலாசம் தனியாகத் தட்டச்சு செய்யும் வேலை மிச்சம். அண்ணேயின் எதிர்ப்புப் பட்டியலில் கண்ணாடிக் கவர் பதினோராவது. ‘சேலை கட்டாம வெளிய அனுப்புற மாதிரி,’ என்றிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தவர், செபம் போல முதலில் அஞ்சல் பதிவேட்டைத் திறந்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

“மாக் மண்டின். ஒரு கவரா போட்டிருக்க?”

“ஆமாண்ணே.”

“அண்ணன்காரனுக்கு உள்ள பில் எங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிரல் சேர்த்துவிட்டிருந்தது. பிரதியை எடுத்துப் பார்த்தேன்: பதிமூன்று நாளும் ஒரே பில்லில், கம்பனி பெயருக்கு. அண்ணே பிரதியை மடித்து, மிச்சமிருந்த ஒரு கண்ணாடிக் கவருக்குள் போட்டு வெளிச்சத்தில் பிடித்தார். கவரைப் பிரிக்கவே தேவையில்லை. விலாசத்துக்கு மேலே அந்தப் பெண்ணின் பெயர். பெயருக்குக் கீழே, கடைசியாக இருந்த வார்டு: 3ஏ, மனநலப் பிரிவு. மாடிக்கு இடைக்காலப் பில் கொண்டுபோகும் ஆள் அலையாமல் இருக்க அந்த வரியை அங்கே வைத்தவள் நான்தான்.

“அலமாக்,” என்று மலாயில் பதறினார் அண்ணே. நோட்டைத் திறந்து பார்த்தார். அந்தக் கம்பனிக்கு எதிரே ‘வாய் ஓயாது’ என்று எழுதியிருந்தது.

“மாக் மண்டினுக்குப் பதினோரு மணிக்குத் தபால் போவும். சரியான பில் ரெண்டையும் அடி. வா.”

அக்கரைக்குப் போகும் ஃபெரியில் நான் யோசனை சொன்னேன். “அண்ணே, உங்க பழைய கூட்டாளிங்க பட்டர்வொர்த் தபாலாபீஸ்லதானே இருக்காங்க? பையிலேருந்து எடுத்துத் தரச் சொன்னா?”

அவர் என்னை அப்படிப் பார்த்து அதற்கு முன் நான் கண்டதில்லை. “பையில விழுந்த கடுதாசி, அதுல யாரு பேரு இருக்கோ அவங்களுது. உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. அதைத் தொடச் சொன்ன மேலதிகாரியோடதான் நான் சண்டை போட்டேன்.”

ஆக நாய் கடிக்கவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும், கடலைக் காட்டி, “இந்த ஃபெரியில தீவுக்கு வரத்தான் காசு. போறது சும்மா. நம்ம ஆஸ்பத்திரியில ரெண்டுக்கும் காசு,” என்றார். நான் சிரிக்கவில்லை.

அவருடைய மோட்டார் சைக்கிள் பட்டர்வொர்த் பக்கம் நிற்கும். நான் போட்டுக்கொண்ட அவர் மனைவியின் தலைக்கவசத்தில் மல்லிகை எண்ணெய் வாசம். பதினொன்றே காலுக்குத் தொழிற்சாலையில் இறங்கினோம். பணியாளர் பிரிவுக் கவுண்டரில் நாற்பது வயது அக்கா ஒருவர், கையில் கடிதம் பிரிக்கும் கத்தி. எதிரே அன்றைய தபால். எங்கள் கவர் மேலிருந்து மூன்றாவது.

“அட, ஆஸ்பத்திரி அண்ணே! நேர்லயே வந்துட்டீங்க?”

“ஒரு பில்லு தப்பா வந்திருச்சு. சரியானதக் கொண்டாந்திருக்கேன். பழசப் பிரிக்காம குடுத்துடுங்க.”

அக்கா கவரை எடுத்தார். கொடுப்பதற்கு முன் கண்ணாடித்தாள் வழியே பார்த்தார். கத்தி நின்றது.

“மூணு ஏ... மனநலமா? இது நம்ம கியூ.சி. பொண்ணுல்ல? ஏண்ணே, அந்தப் பொண்ணு அங்கயா இருந்துச்சு?”

கேட்டுவிட்டார். கேட்காத கேள்விக்குத்தான் அண்ணே பதில் சொல்ல மாட்டார். கேட்ட கேள்விக்குப் பொய்யும் சொல்ல மாட்டார். இரண்டுக்கும் நடுவில் அவர் கைக்குட்டையை எடுத்தார். நெற்றியைத் துடைத்தார். பின்கழுத்தைத் துடைத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க வேறெதுவும் இல்லாமல் போனதும் என்னைப் பார்த்தார்.

என் நிரலில் அன்றுவரை கண்டுபிடித்த பிழைகள் இரண்டு. மூன்றாவதை நான் அந்த இடத்திலேயே உண்டாக்கினேன்.

“இல்லக்கா. புது கம்ப்யூட்டர். நேத்து அடிச்ச எல்லாப் பில்லுலயும் அந்த வரிதான் விழுந்திருக்கு. பிள்ள பெத்துக்க வந்தவங்களுக்கும் மூணு ஏ. ப்ரோக்ராம் எழுதினது நான்தான். என் தப்பு.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“கம்ப்யூட்டர்னாலே இப்படித்தான் லா! போன மாசம் எங்க மேனேஜருக்குப் பிரசவ லீவு போட்டிருச்சு. தாடி வச்ச ஆளு!”

கவர் எங்கள் கைக்கு வந்தது. அண்ணே அதோடு விடவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த அஞ்சல் பதிவேட்டை நீட்டி, ‘ஒரு கவர் பிரிக்காமல் திரும்பப் பெற்றது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். நான்கு நாள் பில்லைக் கண்ணாடி இல்லாத பழுப்புக் கவரில் கொடுத்து அதற்கும் ஒரு கையெழுத்து.

திரும்பும்போது ஃபெரிக்குக் காசை அவரே போட்டார். பாதிக் கடலில் சொன்னார்: “நல்லாத்தான் பொய் சொல்ற.”

“நீங்க ஒரு வார்த்தையும் சொல்லலயே அண்ணே.”

“நான் சொல்ல மாட்டேன்னு தெரியுமே. அதுக்குத்தானே உன்னக் கூட்டியாந்தேன்.”

அன்று அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்தது, எவ்வளவு மரியாதை வந்தது என்று பிரித்துத் தனித்தனி பில் போட இன்றுவரை முடியவில்லை. திங்கட்கிழமைக்குள் செய்தவை: ஒன்று, கணக்குகளைச் சேர்க்கும் பகுதியை எடுத்தேன். இரண்டு, வார்டு வரியை உள்ளே, அடியில் இறக்கினேன், வெறும் எண்ணாக. மூன்று, மிச்சமிருந்த கண்ணாடிக் கவர்களை எண்ணி ஸ்டோருக்குத் திருப்பினேன். அண்ணே அவற்றில் ஐந்தை மட்டும் எடுத்து இழுப்பறையில் போட்டுக்கொண்டார். எதற்கென்று சொல்லவில்லை. மாசக் கடைசியில் லாரி ஓட்டும் அண்ணன் தவணை கட்ட வந்தார். கவுண்டரில் கையை வைத்து, “வந்திருச்சு அண்ணே,” என்றார். நிரந்தர வேலைக் கடிதம். அண்ணே ரசீதை எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்துக் கொடுத்தார்.

கடைசித் தவணைக்கு அவளே வந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நல்ல உயரம், சத்தமான சிரிப்பு. 3ஏ-யின் பில்லில் பார்த்த பெயருக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு ரசீதுக்கு நின்றாள். அண்ணே வழக்கம்போல் கேட்டார்.

“கையில வாங்கிக்கிறியா, தபால்ல அனுப்பவா? தபால்னா யாரு பிரிப்பா?”

“கையிலயே குடுங்க அண்ணே. அப்புறம் ஒரு விஷயம். எங்க கம்பனி ஆளுங்க பில்லெல்லாம் இனிமே என் பேருக்கே போடுங்க. அந்த அக்கா வேலைய விட்டுட்டாங்க. என்னை ஆபீசுக்கு மாத்திட்டாங்க. அங்க கடுதாசி பிரிக்கிறது இப்ப நான்தான்.”

அண்ணே இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தார். மாக் மண்டின் வரியைத் தேடி ‘வாய் ஓயாது’ என்பதை அடித்தார், அதற்கு முன்னால் இருந்த பெயரையும் அடித்தார். அவள் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். குறிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அவளை ஒரு தரம் பார்த்தார், பிறகு எழுதினார். மை காய ஊதினார். நான் எட்டிப் பார்த்தேன்.

‘கண்ணாடிக் கவரிலும் அனுப்பலாம்.’